முதலில் தண்ணீர் போகிற வழி: சிறிய கொல்லைப்புறம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 12 அடிக்கு 15 அடி இடம் சும்மா கிடக்கிறது. நாலு பேர் உட்கார மேசை, கொஞ்சம் புல்தரை, ஊஞ்சல், காய்கறிப் பாத்தி, அல்லித் தொட்டி என்று வீட்டில் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: பட்டியலில் பாதியை அடிப்பதில் தொடங்குங்கள். 180 சதுர அடியில் பெரிய பொருள் இரண்டுதான் வசதியாக அடங்கும். மேசையையே பாருங்கள். மேசை 3 அடிச் சதுரம். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்கச் சுற்றிலும் 3 அடி வேண்டும். ஆக 9 அடிக்கு 9 அடி, 81 சதுர அடி போய்விட்டது. அதே மேசையை ஒரு மூலைக்குக் கொண்டுபோய், இரண்டு சுவரை ஒட்டி 18 அங்குல உயரம், 18 அங்குல அகலத்தில் திண்ணை கட்டிவிட்டால் அந்த இரண்டு பக்கமும் ஒன்றரை அடி மிச்சமாகும். ஏழரை அடிச் சதுரத்தில் வேலை முடியும். மிச்சமான 25 சதுர அடியில் ஒரு பாத்தியே போடலாம். சுவரோரப் பாத்தியின் அகலம் இரண்டரை அடியைத் தாண்ட வேண்டாம், கை எட்டாது. இரண்டு பக்கமும் நின்று வேலை பார்க்க முடிந்தால் 4 அடி வரை போகலாம்.

தாளில் கோடு போடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் மேசை நாற்காலியையே வெளியே கொண்டுபோய்ப் போட்டு, பாத்தி வரும் இடத்தில் கயிறு கட்டி, நாலு நாள் புழங்கிப் பாருங்கள். துணி காயப்போடப் போகும்போது முழங்கால் எங்கே இடிக்கிறது என்பது வரைபடத்தில் தெரியாது. நல்ல வெயில் நாளில் காலை 8 மணியிலிருந்து இரண்டு மணிக்கு ஒருமுறை நிழலின் ஓரத்தைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் இந்தக் கோடு இடம் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். கடைசியாக, ஒரு மழை நாளில் குடையோடு போய் நின்று தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் போட்ட தரை என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

கேள்வி: போன வருடம் 10 அடிக்கு 12 அடியில் பேவர் பிளாக் பதித்தோம். இரண்டு மழைக்குப் பிறகு சுவரோரம் அரை அங்குலம், நடுவில் ஓர் அங்குலம் இறங்கிவிட்டது. இடுக்குகளில் சிமென்ட் கரைத்து ஊற்றினால் சரியாகும் என்கிறார் கொத்தனார். ஊற்றலாமா?

பதில்: கூடாது. பிளாக் தரை என்பது அடியில் இருக்கும் மண்ணோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்து கொடுக்கும் தரை. இடுக்கில் சிமென்ட் இறுகினால் அந்த அசைவில் விரிசல் விடும், விரிசல் வழியாகத் தண்ணீர் கீழே போய்த் தங்கும். அதன் பிறகு ஒரு கல்லைக்கூட உடைக்காமல் எடுக்க முடியாது. இப்போது இருக்கும் நிலையில் எல்லாக் கல்லும் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். அந்த வசதியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இறங்கியதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். அடித்தளத்தைத் திமிசு (அடித்து இறுக்கும் கருவி) போட்டு இறுக்காதது, மேட்டுப்பள்ளத்தை மணலைக் கொட்டிச் சமன் செய்தது, ஓரக்கல் வைக்காமல் விட்டது. சுவரோரம் இறங்கியிருப்பதால் நாலாவதாக ஒன்றையும் பாருங்கள்: மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறதா? ஒரே இடத்தில் கொட்டும் தண்ணீர், இடுக்கு வழியாக மணலை அரித்துக்கொண்டு போய்விடும்.

பள்ளமான பகுதியையும் சுற்றி இரண்டு வரிசைக் கல்லையும் எடுத்துவிடுங்கள். முதல் கல்தான் பிடிவாதம் பிடிக்கும். எதிரெதிர் இடுக்கில் இரண்டு தட்டையான திருப்புளியைச் செருகி, மாற்றி மாற்றி நெம்பினால் மேலே வரும். பிறகு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் மண் மேல் மணல் என்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மொத்தத்தையும் எடுத்துத் திரும்பப் போடுவதே மேல்.

கணக்கு இது. கல்லின் கனம் 60 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கடியில் 1 அங்குலம் மணல், அதற்கும் அடியில் இறுகிய நிலையில் 4 அங்குலம் ஜல்லி. மொத்தம் ஏழரை அங்குலம் தோண்ட வேண்டும். உங்கள் 120 சதுர அடிக்கு ஜல்லி 40 கன அடி வருகிறது. அடிக்க அடிக்கக் குறையும் என்பதால் 50 கன அடி வாங்குங்கள். மணல் 12 கன அடி போதும். முக்கால் அங்குல ஜல்லி மட்டும் என்றால் கற்களுக்கு நடுவே இடைவெளி நின்று, மேலே உள்ள மணல் அதற்குள் வழிந்துவிடும். பெரியதும் பொடியும் கலந்த ஜல்லியாகக் கேளுங்கள். அதை இரண்டிரண்டு அங்குலமாகக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் தனியாக அடித்து இறுக்க வேண்டும். நாலு அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டிக் கைத் திமிசால் அடித்தால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும். குதிகாலை ஊன்றித் திருகினால் தடம் விழக்கூடாது.

வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, இந்த ஜல்லி மட்டத்திலேயே வந்துவிட வேண்டும், மணலில் கொண்டுவரக் கூடாது. அடிக்குக் கால் அங்குலம், 10 அடிக்கு இரண்டரை அங்குலம், வீட்டுச் சுவரிலிருந்து விலகி. முடிந்த தரை வீட்டின் உள்தரையைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் சாரல் தண்ணீர் வாசற்படி ஏறும், சுவர் ஓதம் கட்டும்.

மணலுக்கு 1 அங்குல வெளிவிட்டமுள்ள இரண்டு குழாய்களை ஜல்லி மேல் படுக்கவைத்து, நடுவே மணலைக் கொட்டி, மட்டப்பலகையைக் குழாய்கள் மேல் வைத்து இழுங்கள். குழாயை எடுத்த பள்ளத்தைக் கரண்டியால் நிரப்பிவிட்டு, அந்த மணலை மிதிக்காமல், பதித்த கல் மேல் உட்கார்ந்தபடி முன்னேறுங்கள். மாவு அதிகமுள்ள கிரஷர் தூள் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுற்றிலும் ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் பதித்து, காய்ந்த நைஸ் மணலை இடுக்குகளில் பெருக்கிவிட்டு மேலே அடியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை மணல் பெருக்க வேண்டியிருக்கும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

மாடிக் குழாயில் இறங்கும் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி தோண்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 300 சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 700 லிட்டர் இறங்கும். 3 அடிக்கு 3 அடி, 4 அடி ஆழத்தில் கல் நிரப்பிய குழியின் இடைவெளிகளில் நிற்பது அதில் பாதிதான். குழி அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். முதலில் ஓர் அடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமாவது இறங்கினால் மண் ஒத்துழைக்கும். அரை அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் குழியை மறந்துவிட்டு, குழாயைத் தரைக்கடியில் நீட்டி மழைநீர்க் கால்வாயில் விடுங்கள்.

கேள்வி: இரண்டு மதில்களுக்கு நடுவே உள்ள பகுதியில் மூன்று தடவை புல் பதித்தும் மஞ்சளாகி மடிகிறது. என்ன உரம் போடலாம்?

பதில்: உரம் போட்டால் இன்னும் சீக்கிரம் மடியும். குறை வெளிச்சத்தில் இருக்கிறது. அருகம்புல் வகைகளுக்குத் தினமும் 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். எருமைப்புல் எனப்படும் அகல இலைப் புல் 4 மணி நேரம் கிடைத்தால் சமாளிக்கும். அதற்கும் குறைவென்றால் புல் ஆசையை விட்டுவிடுங்கள். 18 அங்குல நடைகற்களை நடுவுக்கு நடு 24 அங்குல இடைவெளியில் பதித்து, இடையில் பெரணி, ஸ்பைடர் பிளாண்ட், மருள், அக்லோனிமா நடலாம். தரையில் 2 அங்குலம் சருகு மூடாக்கு போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டக்கூடாது. செயற்கைப் புல்லைச் சிலர் சொல்வார்கள். நிழலில் பரவாயில்லை, வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும்.

கேள்வி: தொட்டிகளின் அடியில் 3 அங்குலம் கூழாங்கல் போட்டுத்தான் செடி வைக்கிறோம். இருந்தும் வேர் அழுகுகிறதே?

பதில்: அந்தக் கூழாங்கல்லும் ஒரு காரணம். நனைந்த பஞ்சு ஒன்றைப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டுவது நின்றுவிடும். அதையே நிமிர்த்துப் பிடித்தால் திரும்பவும் சொட்டும். உயரம் கூடினால் அதிகத் தண்ணீர் இறங்குகிறது, ஆனாலும் அடியில் ஈரமான ஒரு பட்டை எப்போதும் தங்கிவிடுகிறது. தொட்டி மண்ணும் இப்படித்தான். பொடி மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. கல் போட்டால் அந்த ஈரப்பட்டை 3 அங்குலம் மேலே ஏறி, வேர் இருக்கும் இடத்துக்கே வந்து நிற்கும். துளை மேல் ஒரு துண்டு வலை போதும். செம்மண் 2 பங்கு, மட்கிய உரம் 1 பங்கு, மணல் 1 பங்கு கலந்து அடிவரை நிரப்புங்கள். தொட்டியை அரை அங்குலம் தூக்கி வைக்க மூன்று ஓட்டுத் துண்டு போதும்.

கேள்வி: பக்கத்து வீட்டு ஜன்னல் மறைய மூங்கில் நடலாமா? ஒரு சிறு மரமும் வேண்டும்.

பதில்: கொத்தாக வளரும் மூங்கில் என்று உறுதியானால் மட்டும் நடுங்கள். ஓடும் வகை மதிலுக்கு அந்தப் பக்கம் முளைத்து உறவைக் கெடுக்கும். மரத்துக்குப் பவழமல்லி அல்லது மாதுளை பொருந்தும், மதிலிலிருந்து 5 அல்லது 6 அடி தள்ளி. அரசு, ஆல் இனங்கள் எதுவும் வேண்டாம், மதில் இடுக்கில் தானாக முளைத்தால்கூடக் கிள்ளி விடுங்கள். முருங்கைக் கிளை காற்றில் சடக்கென்று முறியும், அதன் கீழே திண்ணை கட்டாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அரளி கூடாது, இலை முதல் வேர் வரை நஞ்சு.

கேள்வி: அல்லித் தொட்டி வைத்தால் கொசு வருமா?

பதில்: சும்மா வைத்தால் வரும். நாலைந்து கப்பி மீன் விடுங்கள், புழுக்களைத் தின்றுவிடும். மீன் தாக்குப்பிடிக்கத் தொட்டி 2 அடி அகலமாவது இருக்கட்டும், நடுப்பகல் வெயிலில் பாதிக்கு மேல் இலை மூடியிருக்கட்டும். அதைவிட, பூந்தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகளைப் பாருங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டால் விளிம்பில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.