கீழ் அறையில் என்ன இருக்கிறது?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகன் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். தண்டவாளத்தின் ஓரம் குட்டி மாடி வீடு. மேலே மூன்று பக்கமும் கண்ணாடி, கீழே செங்கல். விக்டோரியா மகாராணி காலத்துச் சிக்னல் அறையாம். ஒருவர் நின்று வேலை செய்யும் அறைக்கு மாடி எதற்கு?
– வாசகி, கல்முனை

பதில்: அம்மா, மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது, கல்முனைப் பக்கம் ரயில் எட்டிப் பார்த்ததில்லை. அங்கிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரனுக்குச் சந்தோஷம் வராதா?

கீழ் அறையில்தான் விஷயமே இருக்கிறது. மேலே வரிசையாக நிற்கும், சிக்னலையும் தண்டவாளப் பிரிவையும் மாற்றும் இரும்புக் கைப்பிடிகளான லீவர்கள் பலகைத் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். அங்கே வெட்டுப் போட்ட இரும்புச் சட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கிடக்கும். ஒரு ரயிலுக்கு வழிவிடும் லீவரை இழுத்தால் ஒரு சட்டம் நகர்ந்து, அதோடு மோதக்கூடிய வழியின் லீவரைப் பூட்டிவிடும். பிறகு ஆள் எவ்வளவு பலசாலியானாலும் அது அசையாது. ஜான் சாக்ஸ்பி 1856இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. அயர்லாந்தில் ஆர்மா விபத்து நடந்த 1889இலேயே பிரிட்டன் இதைச் சட்டமாக்கியது.

கண்ணாடி எதற்கென்றால், கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்க்க. ரயில் வந்தால் போதாது, முழுதாக வந்ததா என்று தெரிய வேண்டும். விளக்கு இல்லையென்றால் பெட்டிகள் எங்கோ கழன்று பாதையில் கிடக்கலாம், அடுத்த ரயிலை விடக் கூடாது. நம்முடையது 1928இல் மட்டக்களப்புக்கு வந்த ஒற்றைப் பாதை. அந்தப் பாதையில் போக அனுமதி தரும் அடையாளத் தகடான டேப்லட், வளையத்தோடு சாரதியின் கையில் இல்லாமல் ரயில் புறப்படாது என்பது எங்கள் பாடம். இரண்டுக்கும் உள்ளே இருப்பது, ஒரே பாதையில் இரண்டு ரயில்கள் மோதிவிடுமோ என்ற ஒரே பயந்தான்.

இங்கிலாந்து போனபோது அப்படி ஒரு அறைக்குள் ஏறி, ஆசையாக லீவர் பிடியைத் தொட்டேன். அங்கிருந்த பெரியவர் பேசாமல் ஒரு துணியை என் கையில் திணித்தார். வெறுங்கையின் வியர்வை பட்டால் பளபளக்கும் இரும்பு துருப்பிடித்துவிடுமாம். வெட்கமாகப் போய்விட்டது.

கூரை முனையில் கூர்மையாக நிற்கும் மரக் குமிழ் மட்டும் வெறும் அலங்காரம். அந்தக் காலத்து ஆட்களுக்கு அது இல்லாமல் கூரை முடியாது போலும்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழ்ச் சுவரில் ஜன்னல் இருந்த இடம் செங்கலால் அடைபட்டிருக்கிறதா? அப்படிப் பல அறைகளை இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து அடைத்தார்கள். உங்கள் மகனிடமும் கேட்டு எழுதுங்கள்.