பழைய சன்னிக்கு இரண்டு ஸ்பீக்கர் போதும்

இலங்கை மலையகத்தின் கொட்டகலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் 1984 நிசான் சன்னி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு ரேடியோவும் பாட்டும் கேட்கும் புது செட் போட்டிருக்கிறார். இப்போது பின்னால் இடது ஸ்பீக்கர் கரகரக்கிறது, வலது பக்கம் சத்தம் குறைவு. டவுனில் காட்டியபோது, பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டை வெட்டி 1000 வாட் ஸ்பீக்கர் இரண்டும், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் ஒன்றும் போட வேண்டும், 70,000 ரூபாய் ஆகும் என்றார்களாம். "அவ்வளவு தேவையா?" என்று கேட்கிறார்.

தேவையில்லை. தட்டை வெட்ட விடாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற ஓட்டைக்குப் பொருந்தும் இரண்டு 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் போதும். அதையும் உடனே வாங்கிவிடாதீர்கள்.

முதலில் ரேடியோவை நிறுத்திவிட்டு பென் டிரைவில் ஒரு பாட்டைப் போடுங்கள். கரகரப்பு ரேடியோவில் மட்டும் என்றால் ஸ்பீக்கர்மீது குற்றமில்லை. தலவாக்கலைப் பக்கம் வளைவுக்கு வளைவு மலை மறைக்கும், எப்.எம். அலை அறுந்து அறுந்துதான் வரும். பாட்டிலும் கரகரத்தால் டிக்கியைத் திறந்து, இடது ஸ்பீக்கரின் வயர்களைக் கழற்றி வலதுக்கும், வலதுடையதை இடதுக்கும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கோளாறு அதே ஸ்பீக்கரில் நின்றால் ஸ்பீக்கர் போய்விட்டது. பக்கம் மாறினால் கோளாறு வயரிலோ செட்டிலோ இருக்கிறது, புது ஸ்பீக்கர் போட்டும் பிரயோசனம் இல்லை. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பில் போடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்தது அந்த 1000 வாட். பெட்டியில் அச்சடித்திருக்கும் இந்த எண்ணை நம்பி எத்தனை பேர் பணத்தைக் கரைத்திருக்கிறார்கள்! செட்டின் முகப்பில் 50 வாட் என்று போட்டிருந்தாலும், தொடர்ந்து ஒரு ஸ்பீக்கருக்கு அது தருவது ஏறத்தாழ 15 முதல் 20 வாட்தான். ஆகவே ஸ்பீக்கர் பெட்டியில் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தாங்கும் அளவு, என்று எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 30, 40 இருந்தால் தாராளம். அதைவிட முக்கியம், எவ்வளவு சத்தம் தரும் என்று காட்டும் டெசிபெல் கணக்கு. 90க்கு மேல் இருந்தால் குறைந்த மின்சாரத்திலேயே நன்றாகப் பாடும்.

போலிச் சரக்கையும் கவனியுங்கள். பெரிய கம்பெனிப் பெயர் ஒட்டியிருக்கும். பின்னால் காந்தம் பெரிதாகத் தெரியும், கையில் எடுத்தால் பாரமே இருக்காது. சின்னக் காந்தத்தின்மேல் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். நடுவில் மூன்று குட்டி ஸ்பீக்கர் தெரியும், அதில் ஒன்றுக்கு வயரே போகாது. "பஞ்சிகாவத்தையில் (கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள இடம்) எனக்கு ஆள் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன்" என்று இடையில் வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கடைக்கு நீங்களே போங்கள், பில் கேளுங்கள். கேட்டால் பில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டமே சொல்கிறது. சட்டம் வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும், பில் கேட்பவரை ஏதோ சண்டைக்கு வந்தவர்போல்தான் பல கடைகளில் பார்க்கிறார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறந்தபோது வரியைச் சேர்த்துப் பார்த்தால் சாதாரண மனிதர் கிட்டேயே போக முடியாத விலை. பழைய காரைக் காப்பாற்றி ஓட்டுவதைத் தவிர மலையகத்துச் சம்பளக்காரருக்கு வேறு வழி என்ன? அவரிடம்தான் இப்படிப் பறிக்கிறார்கள்.

ஆம்ப் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. இரவில், மழையில், மூட்டத்தில் லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறும்போது காருக்கு மின்சாரம் தரும் அந்தக் காலத்து ஆல்டனேட்டருக்கு அதுவே பெரிய சுமை, அதன்மேல் ஆம்பையும் ஏற்ற வேண்டாம்.

இனி ஒரு விஷயத்தைப் பொறுமையாகப் படியுங்கள். பழைய கார்கள் சிலவற்றில் ஸ்பீக்கருக்கு ஒரே வயர்தான் வரும். மற்ற முனையை பாடியில் முறுக்கியிருப்பார்கள். அந்தக் காலத்து ரேடியோவுக்கு அது சரி. அந்த ரேடியோவே இன்னும் காரில் இருந்தால் அப்படியே விடுங்கள். புது செட்டுக்கு அது கூடவே கூடாது. புது செட்டிலிருந்து வரும் இரண்டு வயரிலும் மின்சாரம் இருக்கும். கறுப்புக் கோடு போட்ட வயர் எர்த் இல்லை. அது பாடியில் பட்டால் செட்டின் உள்ளே சத்தத்தைப் பெருக்கும் சில்லு (ஆம்ப் ஐசி) எரிந்துபோகலாம். நீங்கள் செட் மாற்றியவர் என்பதால் உங்களுக்கு இது கட்டாயம் பொருந்தும். ஸ்பீக்கரிலிருந்து ஒரு வயர் ஆணியோடு பாடிக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால், செட்டிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று வயரிங் வேலை செய்யும் பாஸ் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.

இரண்டு பக்கமும் செட்டின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்கே போக வேண்டும். ஒரு பக்கம் மாறினால் கனமான அடிச்சத்தம் (பேஸ்) காணாமல் போகும். வயர் கழற்றிய ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் 1.5 வோல்ட் பென்சில் பற்றரியைத் தொட்டுப் பாருங்கள், கூம்பு வெளியே தள்ளினால் பற்றரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

அப்புறம், ஸ்பீக்கர் ஏன் போனது? பெரும்பாலும் தண்ணீர். பின் கண்ணாடி ரப்பர் வெடித்து மழை ஒழுகினால் காகிதக் கூம்பு ஊறிவிடும். ஒருவர் டிக்கிக்குள் டோர்ச் அடித்துப் பார்க்க, மற்றவர் கண்ணாடிமேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றட்டும். சொட்டினால் முதலில் ரப்பரை மாற்றுங்கள், பிறகு ஸ்பீக்கர் வாங்கப் போங்கள்.