தட்டுற தெரபி: வந்த கேள்விங்களும் என் பதிலும்

நான் வேலூர்ல கவுன்சிலிங் வேலை பாக்குறேன், டாப்பிங், அதாவது உடம்புல சில இடத்த விரலால தட்டி பயம், டென்ஷன குறைக்கற முறை பத்தி ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னதுல இருந்து கேள்வியா வந்துக்கினே இருக்கு, அதான் மொத்தமா உக்காந்து எழுதறேன்.

குடியாத்தத்துல இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, டாப்பிங்னா இன்னா? அக்குபஞ்சரா?

ஊசி கிடையாதும்மா, ரெண்டு விரல் நுனி போதும். 1980கள்ல ரோஜர் கல்லஹன்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஆரம்பிச்சது, அத கேரி க்ரெய்க்னு ஒரு இன்ஜினியர் 90கள்ல சுருக்கி ஈஎஃப்டி (எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்)ன்னு ஆக்கினாரு. முதல்ல உன் பயத்துக்கு 0ல இருந்து 10க்குள்ள மார்க் போடு, அப்புறம் சுண்டுவிரல் பக்கம் கை ஓரத்துல தட்டிக்கினே "இந்த பயம் இருந்தாலும் என்னை நான் அப்படியே ஏத்துக்கறேன்"னு சொல்லு. பின்னாடி புருவம், கண் ஓரம், கண்ணுக்கு கீழ, மூக்குக்கு கீழ, தாடை, காலர் எலும்பு, அக்குளுக்கு கீழ, உச்சந்தலைன்னு வரிசையா தட்டிட்டு திரும்ப மார்க் போடணும்.

ராணிப்பேட்டை அண்ணன்: ஆராய்ச்சி நிஜமா இருக்கா, வாட்ஸப் கதையா?

இருக்குண்ணா. 2012ல 83 பேர வச்சி எச்சில்ல கார்டிசால் பாத்தாங்க, அது டென்ஷன் ஹார்மோன். ஒரு மணி நேரம் தட்டினவங்களுக்கு சராசரியா 24 சதவீதம் குறஞ்சிது, பேச்சு தெரபி எடுத்தவங்களுக்கு 14. 2020ல 53 பேர வச்சி திரும்ப பண்ணப்போ தட்டினவங்களுக்கு 43 சதவீதம் குறஞ்சிது. 2013ல போருக்கு போய் வந்து பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசுல வர நோய்) வந்த 59 அமெரிக்க வீரருங்க, அதுல பாதி பேருக்கு மட்டும் ஆறு செஷன் குடுத்தாங்க, அவங்கள்ல 90 சதவீதம் பேர் அந்த நோய் கணக்குல இருந்தே வெளிய வந்துட்டாங்க. ஆனா ஒண்ணு, 2012, 2013 ஆய்வுங்கள முன்னாடி நின்னு நடத்தின டாசன் சர்ச்ங்கறவரே ஈஎஃப்டி பயிற்சி நடத்தறவரு, வீரருங்க ஆய்வுல இன்னொரு பாதி பேர் வழக்கமான சிகிச்சையோட காத்திருந்தவங்கதான். அதனால நான் நம்பறேன், ஆனா கண்ண மூடிக்கினு இல்ல.

ஆரணி அக்கா: நாம தட்டற அந்த இடத்துலதான் சக்தி ஓடுதாமே?

இங்கதான் எனக்கு ஒத்துக்க முடியல. 2003ல வெய்ட், ஹோல்டர்னு ரெண்டு பேர் 119 காலேஜ் பசங்கள பிரிச்சாங்க, ஒரு குரூப் சரியான புள்ளில தட்டுச்சு, ஒண்ணு கையில வேற எங்கயோ, ஒண்ணு பொம்மைய. மூணு குரூப்புக்கும் பயம் குறஞ்சிது, தட்டாத குரூப்புக்கு குறையல. பொம்மைய தட்டினாலும் விரல் நுனியிலயும் புள்ளி இருக்குதேன்னு ஈஎஃப்டிகாரங்க வாதம் பண்றாங்க. எனக்கு தோணறது, பயந்த விஷயத்த மனசுல வச்சிக்கினே உடம்பு பக்கம் கவனத்த திருப்பறதுலதான் பாதி வேலை நடக்குது.

ஆம்பூர்ல இருந்து: வீட்டுக்காரருக்கு பிபி, மாத்திரைய நிறுத்திடலாமா?

கூடவே கூடாது! 2019ல 203 பேர் ஆய்வுல பிபியும் குறஞ்சிதுன்னு வந்துது நிஜம்தான், ஆனா பிபி எல்லாம் அளந்தது 31 பேருக்குதான், ஒப்பிட்டு பாக்க வேற குரூப்பே இல்ல. மாத்திரை போட்டுக்கினே தட்டட்டும். நெஞ்சு வலின்னா தட்டிக்கினு உக்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

சத்துவாச்சாரி ப்ளஸ் டூ தம்பி: எக்ஸாம் ஹால்ல தட்டினா சிரிப்பாங்களே?

காலர் எலும்புக்கு கீழ மட்டும் தட்டுப்பா, போதும். ஊசின்னாலே மயங்கிடற ஒரு அம்மா ரத்த டெஸ்ட்டுக்கு முன்னாடி பெஞ்ச்ல உக்காந்துக்கினு அங்கதான் தட்டினாங்க, கண்ணாடி வளையல் கலகலன்னு சத்தம், பக்கத்துல எல்லாரும் திரும்பி பாத்தாங்க, அவங்க நிறுத்தல. 9ன்னு சொன்னவங்க நாலாவது ரவுண்டுல 4ன்னாங்க, கைய நீட்டினாங்க. முகத்த திருப்பிக்கினாங்கதான், ஆனா மயங்கல.

காட்பாடியில இருந்து, பேர் வேணாம்னு சொன்னவங்க: சின்ன வயசுல நடந்தது ஒண்ணு, தட்டும்போது அழுகை அடங்கவே மாட்டேங்குது.

தனியா பண்ணாதீங்க கண்ணு, இப்பவே நிறுத்திடுங்க. உங்க மேல தப்பு எதுவும் இல்ல, பழைய காயம் மேல வந்துருக்கு. பிரிட்டன்ல எந்த சிகிச்சை குடுக்கலாம்னு வழிகாட்டற நைஸ் அமைப்பே 2018ல பிடிஎஸ்டிக்கு இத இன்னும் ஆராயணும்னுதான் சொல்லிச்சு. பாகாயத்துல சிஎம்சி மனநல மையம் இருக்கு, அங்க போங்க, யாராவது ஒருத்தர கூட கூட்டிக்கினு போங்க. ராத்திரில தாங்கலன்னா அரசு மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.