எண்ணெய் இல்ல, பால் இல்ல, கோதுமை இல்ல... அப்புறம் என்னத்த சமைக்கிறது?

கேள்வி: அக்கா, எங்க நாத்தனார் குடும்பம் அடுத்த மாசம் மூணு நாள் எங்க வீட்ல தங்க வராங்க. நாத்தனார் வீகன், பால் தயிர் நெய் தேன் எதையும் தொடமாட்டாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஹார்ட் ப்ராப்ளம் வந்ததுக்கப்புறம் ஒரு சொட்டு எண்ணெய் கூட கிடையாது, உப்பும் கம்மி, அவரும் முழுக்க காய்கறி பருப்புதான். பொண்ணுக்கு சீலியாக், கோதுமை ஆகாது. போன தடவை பயந்துகிட்டே எல்லா காயையும் வேகவச்சுக் குடுத்தேன். நல்லாருக்குன்னு சொல்லிட்டு பாதிய தட்டுலயே வச்சிட்டாங்க. என் வீட்டுக்காரரும் பசங்களும் ராத்திரி வெளியில ஆர்டர் பண்ணி சாப்பிட்டாங்க, அதுதான் எனக்கு ரொம்ப அவமானமா போச்சு. ருசியா சமைக்க வழி இருக்கா? (பெயர் வேண்டாம்)

பதில்: இருக்குங்க, நிறையவே இருக்கு. உங்க கைப்பக்குவத்துல ஒரு கோளாறும் இல்ல. எண்ணெய எடுத்தீங்க, நெய்ய எடுத்தீங்க, உப்பக் குறைச்சீங்க, சரி, ஆனா எடுத்த இடத்துல எதையும் வைக்கல, அவ்ளோதான் நடந்திருக்கு. எண்ணெய் சட்டியில என்னென்ன வேலை பார்க்குதுன்னு யோசிச்சுப் பாருங்க: காய சிவக்க வைக்குது, மசாலா வாசனைய இழுத்து சாப்பாடு முழுக்க பரப்புது, நாக்குல கொஞ்ச நேரம் தங்க வைக்குது. இந்த வேலைக்கெல்லாம் வேற ஆள் போட்டாதான் சாப்பாடு சாப்பாடா இருக்கும்.

அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி நாத்தனாருக்கு ஒரு போன் போட்டுடுங்க. கூச்சப்படாதீங்க, இப்படி டயட்ல இருக்கவங்களுக்கு யாராவது முன்கூட்டியே கேட்டா நிம்மதியாதான் இருக்கும். எது ஆகவே ஆகாது, எது அவங்களா வேண்டாம்னு வச்சது, இத பிரிச்சுக் கேளுங்க. அவங்க வீட்டுக்காரர்கிட்ட முந்திரி, எள்ளு, தேங்காய் ஓகேவான்னு தனியா கேக்கணும், ஏன்னா எண்ணெயே வேண்டாம்ங்கிற ஹார்ட் டயட்ல சிலது கொட்டைகளையும் தேங்காயையும் கூட விலக்கச் சொல்லும். உப்பு எவ்ளோன்னும் கேளுங்க. பொதுவா பெரியவங்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அவருக்கு டாக்டர் இன்னும் கம்மியா சொல்லியிருக்கலாம்.

பொண்ணு விஷயம்தான் இதுல ரொம்ப கண்டிப்பானது. நாத்தனார் தெரியாம ஒரு ஸ்பூன் தயிர் சாப்பிட்டா மனசு கஷ்டப்படும், சீலியாக் இருக்க பொண்ணுக்கு கோதுமை கொஞ்சம் போனாலும் குடல்ல பாதிப்பு வரும். ஒரு கிலோ உணவுல 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் (கோதுமையில இருக்க புரதம்) இருந்தா பல நாடுகள்ல அத க்ளூட்டன் ஃப்ரீன்னே விக்க முடியாது, அப்படின்னா ஒரு ரொட்டித் துணுக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு பாருங்க. அதனால அந்த மூணு நாளும் வீட்ல கோதுமை மாவையே எடுக்காதீங்க, அதுதான் ஈஸி. மரக்கரண்டி, கட்டிங் போர்ட், சல்லடை இதுலெல்லாம் பழைய மாவு ஒளிஞ்சிருக்கும், அதுக்குன்னு புதுசா ஒரு செட் எடுத்து வச்சுடுங்க. ரொட்டி சுடுற டோஸ்டர அவளுக்கு யூஸ் பண்ணவே பண்ணாதீங்க.

லேபிள் படிக்காம எதையும் கொட்டாதீங்க, இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. பெருங்காயத்தூள்ல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பாங்க. சாதா சோயா சாஸ்லயும் கோதுமை இருக்கு, தமாரின்னு ஒரு வகை வருது, அதுல பொதுவா இருக்காது, ஆனாலும் பாட்டில திருப்பிப் பாருங்க. நாத்தனாருக்காகவும் லேபிள் பாக்கணும்: வூஸ்டர்ஷைர் சாஸ்ல நெத்திலி மீன் போடுறாங்க, ஜெலட்டின் மாட்டோட பன்றியோட தோல் எலும்புல இருந்து வருது, டார்க் சாக்லேட்ல கூட சிலதுல பால் கொழுப்பு இருக்கும்.

சரி, ருசிக்கு வருவோம். வேகவச்ச காய் ஏன் சப்புன்னு இருக்குன்னா, தண்ணி 100 டிகிரிய தாண்டாது, ஆனா காய் சிவந்து அந்த வறுபட்ட வாசனை வரணும்னா கிட்டத்தட்ட 140 டிகிரியாவது வேணும். நீங்க எவ்ளோ நேரம் வேகவச்சாலும் அது குழையுமே தவிர சிவக்காது. சிவக்க வைக்க எண்ணெய் கட்டாயம்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், ஈரம் போனா போதும். அகலமான கனமான சட்டிய காய வச்சு, பொடியா நறுக்கின வெங்காயத்த வெறுமனே போடுங்க, மிதமான தீ. முதல்ல தண்ணி விடும், அது வத்தும், அடியில பிரவுனா ஒட்ட ஆரம்பிக்கும். அய்யய்யோ அடிபிடிக்குதுன்னு பதறாதீங்க, அந்த பிரவுன்தான் உங்க ருசி. ஒரே ஒரு ஸ்பூன் தண்ணி விட்டு சுரண்டுங்க, வெங்காயம் அந்த நிறத்த எல்லாம் குடிச்சுக்கும், மறுபடி ஒட்ட விடுங்க, மறுபடி சுரண்டுங்க. ஒரு இருபது இருபத்தஞ்சு நிமிஷம் இப்படி போனா நல்ல தேன் கலர்ல இனிப்பா வந்து நிக்கும், எண்ணெய் போடலன்னு யாரும் சொல்லமாட்டாங்க. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டா சீக்கிரம் சிவக்கும்தான், ஆனா வெங்காயம் கூழாயிடும், அதுல சோடியம் வேற இருக்கு, அவருக்கு வேண்டாம்.

காளானும் இதே மாதிரிதான், அதுல பத்துல ஒன்பது பங்கு தண்ணி. சட்டிய நிரப்பாம கொஞ்சம் கொஞ்சமா போட்டு, அது விடுற தண்ணி முழுக்க சுண்டுற வரைக்கும் பொறுமையா இருந்தீங்கன்னா அதுக்கப்புறம்தான் சிவக்கவே ஆரம்பிக்கும், நிறைய பேர் தண்ணி விட்டதும் வெந்துருச்சுன்னு இறக்கிடுறாங்க, அங்கதான் ருசிய தொலைக்கிறாங்க. ஓவன் இருந்தா காலிஃப்ளவர், கேரட், கத்தரிக்காய் எல்லாம் 220 டிகிரியில, பேக்கிங் பேப்பர் மேல, ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம பரத்தி வைங்க. மசாலா ஒட்டாதேன்னு கவலை வேண்டாம், கொண்டைக்கடலை வேகவச்ச தண்ணிய கொழகொழன்னு சுண்டவச்சு அதுல காய பிரட்டி எடுத்தா அழகா பிடிச்சுக்கும்.

அடுத்து, கறி சூப்புல வருமே ஒரு ஆழமான ருசி, அது. 1908-ல ஜப்பான்ல கிகுனே இகேடான்னு ஒரு கெமிஸ்ட்ரி ப்ரொபசர் கொம்புங்கிற கடல்பாசியில கொதிக்க வச்ச சாறு ஏன் அவ்ளோ ருசியா இருக்குன்னு தேடிப்போய் அதுக்குக் காரணம் க்ளூட்டமேட்னு கண்டுபிடிச்சார், உமாமின்னு பேர் வச்சதும் அவர்தான். அதாவது அந்த ருசிய முதல்ல பிரிச்சு எடுத்ததே மாமிசத்துல இருந்து இல்ல, பாசியில இருந்து. பழுத்த தக்காளியில அது நிறைய இருக்கு. காய்ஞ்ச ஷிடாகே காளான்ல குவானிலேட்னு இன்னொண்ணு இருக்கு, ரெண்டும் ஒரே சட்டியில சேர்ந்தா ஒண்ணோட ருசிய இன்னொண்ணு பல மடங்கு தூக்கிவிடும். அதனால முந்தின ராத்திரியே காய்ஞ்ச காளான பச்சத்தண்ணியில போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, காலையில அந்தத் தண்ணிய மண்ணு போக வடிகட்டி எடுத்து, சிவந்த வெங்காயத்துல தக்காளிய நல்லா சுண்ட வதக்கிட்டு அதுமேல ஊத்துங்க. வாசனை ஹால் வரைக்கும் வரும். சோயா சாஸும் இந்த வேலைய செய்யும், ஆனா ஒரு டேபிள்ஸ்பூன்லயே ரெண்டு கிராமுக்கு மேல உப்புக்கு சமமான சோடியம் இருக்கு, அதனால அவர் சாப்பிடுற சட்டியில அது வேண்டாம்.

மசாலா வாசனை பெரும்பாலும் கொழுப்புலதான் கரையும், தண்ணியில அவ்வளவா கரையாது. முழு மசாலாவ வெறும் சட்டியில சின்ன தீயில வாசனை வர வறுத்து அப்பவே பொடிச்சு, அரைச்ச எள்ளு விழுதோ முந்திரி விழுதோ அதோட கலந்து போடுங்க, கொட்டைக்குள்ள இருக்க கொழுப்பே வாசனைய தூக்கிட்டுப் போகும், நாக்குலயும் தங்கும். முந்திரிய கொதிக்கிற தண்ணியில அரை மணி நேரம் ஊறவச்சா மிக்ஸியில க்ரீம் மாதிரி அரைபடும். அவர் கொட்டையும் கூடாதுன்னா வெள்ளை பீன்ஸ குழைய வேகவச்சு அரைச்சு விடுங்க, கெட்டியும் க்ரீமும் கிடைக்கும், வாசனை மட்டும் கொஞ்சம் குறையும், அதுக்கு மசாலாவ கூட போட்டுக்கலாம்.

உப்பக் குறைச்சா புளிப்பக் கூட்டணும். எலுமிச்சைய அடுப்ப அணைச்சதுக்கப்புறம்தான் பிழியணும், கொதிக்கும்போது பிழிஞ்சா அந்த ஃப்ரெஷ்ஷான வாசனை ஆவியாயிடும். இருக்க கொஞ்ச உப்ப வேகும்போதே கரைச்சுடாம பரிமாறும்போது மேல தூவினா நேரா நாக்குல படும், கம்மி உப்பே போதும்னு தோணும். மேல கொஞ்சம் கொத்தமல்லி, புதினா.

போன தடவை உங்க சாப்பாடு சாப்பாடா இல்லாம போனதுக்கு இன்னொரு காரணம், எல்லாமே மெத்துனு ஒரே பதத்துல இருந்திருக்கும். கடிக்க ஏதாவது வேணும். வேகவச்ச கொண்டைக்கடலைய துடைச்சு மொறுமொறுன்னு ஓவன்ல வறுத்தது, வறுத்த பூசணி விதை, எலுமிச்சையில ஊறின பச்ச வெங்காயம், இதுல எது இருந்தாலும் தட்டு மாறிடும். டோஃபு (சோயா பால்ல செய்ற பனீர் மாதிரி) வாங்கினா ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வச்சு, கரைய விட்டு, தண்ணிய நல்லா பிழிஞ்சு எடுங்க, உள்ள ஓட்டை ஓட்டையா ஆகி சாறு முழுக்க உறிஞ்சுக்கும்.

ஒரு விஷயம் வேண்டவே வேண்டாம்னு சொல்வேன், போலி மட்டன், வீகன் சீஸ் இதெல்லாம் வாங்கி அடுக்காதீங்க. அந்த சீஸ் பலதுல தேங்காய் எண்ணெய் நிறைய இருக்கும், அவருக்கு ஆகாது, போலி கறி பலதுல கோதுமை க்ளூட்டன்தான் மெயின் ஐட்டமே, பொண்ணுக்கு ஆகாது. காசும் போகும், உங்களுக்கு டென்ஷனும் மிச்சம்.

உங்க வீட்டு ஆளுங்க ராத்திரி ஆர்டர் பண்ணதப் பத்தி: அவங்களுக்கு ஒண்ணு, விருந்தாளிக்கு ஒண்ணுன்னு ரெண்டு சமையல் பண்ணாதீங்க, நீங்க கிச்சன்லயே கிடப்பீங்க. ஒரே சட்டிதான். காளான், கொண்டைக்கடலை போட்ட தக்காளி குழம்பு, சோறு, ஓவன்ல சிவந்த காலிஃப்ளவர், ஒரு சாலட். டேபிள்ல உப்பு, எலுமிச்சை, நெய்யோ எண்ணெயோ வச்சிடுங்க, வேணுங்கிறவங்க அவங்கவங்க தட்டுல ஊத்திக்கட்டும், நெய்க்கு மட்டும் தனி ஸ்பூன் இருக்கட்டும். வந்து நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் பசங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம இதையே வச்சுப் பாருங்க. இது டயட் சாப்பாடுன்னு நீங்களா சொல்லிட்டா அவங்க நாக்கு அப்பவே முடிவு பண்ணிடும்.

இனிப்புக்கு ரொம்ப மெனக்கெடாதீங்க, நல்லா பழுத்த பழம் போதும். ஆசையா இருந்தா வாழைப்பழத்த நறுக்கி ஃப்ரீசர்ல வச்சு மிக்ஸியில அடிங்க, ஐஸ்க்ரீம் பதத்துல வந்துடும், பொண்ணுக்கும் பிடிக்கும், அவருக்கும் ஆகும். அதுக்கு பழம் தோல்ல கரும்புள்ளி விழற அளவுக்கு பழுத்திருக்கணும், அதனால அவங்க வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே வாங்கி வச்சிடுங்க.