துணி மென்மை: சலவை பற்றி வாசகர்கள் கேட்டவை

வாங்கியபோது மெத்தென்றிருந்த துண்டு இப்போது அட்டைபோல விறைத்து நிற்கிறது. சலவைத்தூளை மாற்றினால் சரியாகுமா?

தூளை மாற்றுவதற்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள். கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்புக்கட்டி அவற்றோடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகித் துணியில் படியும். டிடர்ஜென்ட் அவ்வளவு எளிதில் திரியாது. ஆனால் பல தூள்களில் சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட், சேர்க்கிறார்கள். அது நீரிலுள்ள கால்சியத்தைக் கால்சியம் கார்பனேட் துகளாக மாற்றுகிறது. அலசல் குறைந்தால் அந்தத் துகள் நூலிழைக்குள் தங்கிவிடும். சியோலைட் என்ற கனிமப் பொடி கலந்த தூள் இந்த விஷயத்தில் மேல். அது கால்சியத்தைத் தன்னிடம் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது.

விறைத்த துண்டுக்கு இன்னும் கொஞ்சம் தூள் போடுவதுதான் பலரும் செய்வது. தயவுசெய்து வேண்டாம். அளவைக் குறைத்து, ஒருமுறை கூடுதலாக அலசுங்கள். எப்போதாவது கடைசி அலசலில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் சேர்த்தால் படிந்த கார்பனேட் கரையும். குளோரின் பிளீச்சோடு மட்டும் வினிகரைச் சேர்க்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

விறைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதற்கும் தூளுக்கும் சம்பந்தமே இல்லை. கொடியில் காய்ந்த பருத்தியில் மிகச் சிறிதளவு நீர் இழைகளின் மேல் தங்கி, ஒன்றை மற்றொன்றோடு ஒட்டவைக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் இதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். ஆகவே காய்ந்த துண்டை நன்றாக உதறிக் கசக்கினாலே பாதி விறைப்பு போய்விடும்.

நுரை நிறைய வந்தால்தானே அழுக்கு போகும்?

இல்லை. நுரைக்கும் அழுக்கு நீக்கும் திறனுக்கும் நேரடித் தொடர்பில்லை. இயந்திரத்தில் அதிக நுரை துணிகள் உரசுவதைத் தடுக்கும், அலசலையும் கெடுக்கும்.

ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டபின் துண்டு ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை. ஏன்?

மென்மை எதனால் வருகிறதோ, அதனால்தான். கண்டிஷனரில் உள்ள மூலக்கூறுகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. நீரில் பருத்தியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுவதால் அவை போய் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் நீண்ட கொழுப்பு வால்கள் வெளிப்பக்கம் நீட்டியிருப்பதால் இழைகள் வழுக்குகின்றன, கைக்கு மென்மை தெரிகிறது. அதே வால்கள்தான் நீரை விலக்குகின்றன. துண்டு, விளையாட்டு உடை, மைக்ரோஃபைபர் மூன்றுக்கும் கண்டிஷனர் வேண்டாம் என்பதே என் கருத்து. மற்றவற்றுக்குக் கடைசி அலசலில் மட்டும் சேருங்கள். டிடர்ஜென்ட்டில் பெரும்பாலும் எதிர்மின் மூலக்கூறுகள் என்பதால், இரண்டையும் சேர்த்து ஊற்றினால் ஒன்றையொன்று பிணைத்து இரண்டும் வீணாகும்.

பட்டுத்துணியையும் கம்பளியையும் வழக்கமான தூளில் துவைக்கலாமா?

கூடாது. இரண்டும் புரதம். இரத்தக்கறை, உணவுக்கறைகளை உடைக்கச் சேர்க்கும் புரோட்டியேஸ், அதாவது புரதத்தைச் சிதைக்கும் என்சைம் (நொதி), பட்டு இழையையும் சேர்த்தே அரிக்கும். தூளின் காரத்தன்மையும் (கரைசலில் பிஹெச் 10 அளவில் இருக்கும்) இழையைப் பலவீனமாக்கும். கம்பளிக்கும் பட்டுக்கும் என்றே விற்கும், என்சைம் இல்லாத நடுநிலைத் திரவத்தைக் குளிர்ந்த நீரில் கலந்து, தேய்க்காமல் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் உலர்ந்த துணியில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். பருத்திக்கு என்சைம் பயமில்லை. செல்லுலேஸ் என்ற என்சைம் மேலே எழும்பிய பிசிறுகளை நறுக்கி, பழைய சட்டைக்கும் வழவழப்பைத் திருப்பித் தரும்.