துரை பங்களாவும் இன்றைய ‘பங்களா’வும்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் எங்களுக்கு ஜோசப் கான்ராட் காங்கோவை வைத்து எழுதிய ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவல் பாடம். ஆப்பிரிக்கர்கள் அதில் மனிதர்களாகவே வருவதில்லை, வெறும் கையும் காலும் கூச்சலுமாக வந்து போகிறார்கள். விரிவுரையாளரிடம் கேட்டால், அந்தக் காலத்து எழுத்து அப்படித்தான் இருக்கும் என்கிறார். பள்ளிப் பாடமாக வந்த ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவலை எதிர்த்தோமே, இதை மட்டும் ஏன் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்?

ஒரு மாணவன், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

‘அந்தக் காலம்’ என்ற சமாதானம் எனக்கும் ஒப்பாது. காங்கோவில் ரப்பருக்காகக் கை வெட்டப்பட்டவனும் அதே காலத்து ஆள்தானே, அவனுக்கு அது அநியாயம் என்று தெரியாதா என்ன? கான்ராட்டும் 1899இல் அந்தக் கொள்ளையைச் சாடத்தான் எழுதினார், ஆனால் கொள்ளை போனவர்களுக்கு ஒரு பெயர், இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச வாய் கொடுக்கத் தோன்றவில்லை. 1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே இதைப் போட்டு உடைத்தார், கான்ராட் ஓர் இனவெறியர் என்று நேராகவே சொன்னார். அப்படிச் சொல்வதற்கு அந்த நாவலை அவர் வரி விடாமல் படித்திருக்க வேண்டும் பாருங்கள். நீங்களும் படியுங்கள், கோபத்தோடேயே படியுங்கள்.

இன்டர்லோக் கதை வேறு. அப்துல்லா ஹுசேன் 1971இல் வெளியிட்ட நாவல், 2011இல் படிவம் 5 மாணவர்களுக்குக் கட்டாயப் பாடமாக வந்தது. இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் மணியமும் மற்றவர்களும் ‘பரியா’ சாதி, அதனால் தீட்டு பயமில்லாமல் பழகினார்கள் என்று ஓர் இடம். நாடு முழுக்க எதிர்ப்பு, ஆண்டு முடிவதற்குள் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பேசியவர் ஒருவர், “எங்க தாத்தா என்ன சாதி தெரியுமா இவனுங்களுக்கு?” என்று மைக்கில் கத்தினார். ஒரே கைதட்டல். என் பக்கத்தில் சாவு வீடுகளுக்குத் தப்பு அடிக்கப் போகும் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் தட்டவில்லை. தேநீர்ப் பொட்டலம் கட்டிவந்த ரஃபியா கயிற்றை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மாணவர்களை அவமானப்படுத்தும் பாடம் வேண்டாம் என்று போனவன் நான், அதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மண்டபத்தில் எங்களில் பாதிப் பேருக்குக் கோபம் வந்தது, ‘எங்களைப் போய் அவர்களோடு சேர்த்துவிட்டானே’ என்றுதான்.

அப்புறம், பங்களா என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். என் சிறுவயதில் அது மேட்டில் துரை குடியிருந்த வீடு. அப்பா அதைத் தாண்டும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். இப்போது நாங்கள் விட்டுவந்த லயத்தில் தங்கிச் செம்பனைக் குலை வெட்டும் வங்கதேசத்துக்காரரை அதே சொல்லால் கூப்பிடுகிறோம், பெயர் கேட்பதில்லை. கோலாலம்பூரில் என் மகளுக்கு அறை தேடியபோது ‘சீனர்களுக்கு மட்டும்’ என்று அலைக்கழித்தார்களே என்று வருடக் கணக்கில் புலம்பிய எங்கள் சொந்தத்திலேயே ஒருவர், போன வருடம் வீட்டை வாடகைக்கு விடும்போது தரகரிடம் சொன்ன முதல் நிபந்தனை, “பங்களாவுக்கு வேண்டாம்.”

போன மாதம் மளிகைக் கடையில் கடைக்காரர், “டேய் பங்களா, தள்ளி நில்லுடா” என்றார். அந்த மனிதருக்கு ஐம்பது வயது இருக்கும், தாடி நரைத்துவிட்டது. சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார். கான்ராட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் அன்று வாயே திறக்கவில்லை, குனிந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.