டிரகோனியன் – கடிதம்

வணக்கம் ஐயா,

குண்டர் சட்டம் பற்றி ஆங்கில நாளிதழ்களில் படிக்கும்போதெல்லாம் 'டிரகோனியன்' என்ற பெயரடை வருகிறது. டிராகனிலிருந்து வந்தது என்கிறான் நண்பன். 'கடுமையான' என்பதுதான் பொருளா? எங்கள் விடுதி விதிகளை அப்படிச் சொல்லலாமா?

ஒரு சட்ட மாணவன், மதுரை

அன்புள்ள தம்பி,

நண்பர் சொல்வது பாதி சரி. டிரகோன் என்றால் பண்டைக் கிரேக்கத்தில் பாம்பு. டிராகனுக்கும் வேர் அதுவே. ஆனால் இந்தப் பெயரடை ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்தது. கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸின் சட்டங்களை முதன்முதலாக எழுத்தில் வடித்த டிரகோன் அவர். 'இவை மனிதனின் சட்டங்களல்ல, பாம்பின் சட்டங்கள்' என்று கிரேக்கர்களே சிலேடை பேசியிருக்கிறார்கள்.

காய்கனி திருடியவனுக்கும் மரணம், கோயிலைக் கொள்ளையடித்தவனுக்கும் மரணம், வேலைவெட்டி இல்லாமல் திரிந்தவனுக்கும் மரணம் என்கிறார் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, சின்னக் குற்றங்களுக்கு இது தகும், பெரிய குற்றங்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடைக்கவில்லை என்றாராம் டிரகோன்.

ஆகவே 'கடுமையான' என்பது போதாது. கொலைக்கு ஆயுள் தண்டனை கடுமையானதுதான், டிரகோனியன் அல்ல. செய்ததற்கும் அனுபவிப்பதற்கும் பொருத்தமே இல்லாமல் போகும்போதுதான் இந்தச் சொல்லுக்கு வேலை. ஒரு ஷில்லிங்குக்கு மேல் பிக்பாக்கெட் அடித்தவனை 1808 வரை இங்கிலாந்தில் தூக்கில் போட முடிந்தது, அது டிரகோனியன். விசாரணையே இல்லாமல் ஒருவரை 12 மாதம் வரை உள்ளே வைக்க வழிசெய்யும் நம் 1982ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். பத்து நிமிடம் தாமதமாக வந்தவனை விடுதியைவிட்டே அனுப்பினால் தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டுவதற்கெல்லாம் வேண்டாம். சட்டம், விதி, தண்டனை, அரசு நடவடிக்கை ஆகியவற்றோடுதான் இது சேரும். கண்டிப்பான வார்டனை இப்படிச் சொல்வது வழக்கமில்லை.

டிரகோன்மேல் எனக்கு ஒரு பரிவு உண்டு. கி.மு. 594இல் ஏதென்ஸுக்குப் புதிய சட்டங்கள் தந்த சோலோன் அவருடைய சட்டங்களை எல்லாம் நீக்கினார், கொலைச் சட்டம் ஒன்றைத் தவிர. அதை கி.மு. 409 வாக்கில் மீண்டும் கல்லில் வெட்டினார்கள். சிதைந்த அந்தக் கல் இன்றும் ஏதென்ஸ் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படித்தால் வியப்பாக இருக்கும். திட்டமிடாமல் கொன்றவனுக்கு அதில் மரணம் இல்லை, நாடுகடத்தல்தான். இறந்தவரின் தந்தை, சகோதரர்கள், மகன்கள் எல்லோரும் ஒருமனதாக மன்னித்தால் அவன் ஊர் திரும்பலாம். ஒருவர் மறுத்தாலும் முடியாது. அதுவரை ரத்தத்துக்கு ரத்தம் என்று குடும்பங்கள் தாங்களே தீர்த்துக்கொண்டிருந்த வழக்கை நீதிபதிகளின் முன் கொண்டுவந்தது இந்தச் சட்டம்தான்.